நாப்பதாயிரம் பேரு செத்தாங்களா, பேராண்டி?

உன் கதைய முழுசா கேட்டேன் பேராண்டி. நடுவுல தூங்கிட்டேன்னு உன் பாட்டி சொல்லுவா, நம்பாத. கண்ண மூடிகினு கேட்டேன், அம்மாந்தான். சனி கிரகத்தச் சுத்தற நிலாவுல சண்டை. வருசம் 2300. உன் கேப்டன் ஒரு பொத்தான அமுக்கறான், எதிரிக் கப்பல்ல இருந்த நாப்பதாயிரம் பேரும் காலி. அடுத்த வரியில கேப்டன் காப்பி குடிக்கறான். எனக்கு அந்தக் காப்பி ரொம்பப் புடிச்சிது. ஆவி பறக்குதுன்னு எழுதிகீற, சக்கரை கம்மின்னு எழுதிகீற. செத்த நாப்பதாயிரத்துல ஒருத்தன் பேரு சொல்லுடான்னா மட்டும் மூக்கச் சொறியற.

நம்ம வூட்டுக் கல்யாணத்துல மொய் எழுதறவன் இருக்கானே, அவன்கிட்ட இந்தக் கதைய குடுத்திருக்கணும். ஐம்பத்தொரு ரூவா வெச்சவனுக்கும் இனிஷியல், அப்பா பேரு, ஊரு எல்லாம் போட்டுத்தான் நோட்டுல ஏத்துவான். நீ நாப்பதாயிரம் உசுர ஒரே வரியில மொத்தமா வரவு வெச்சிட்டு எழுந்து போயிட்ட.

ஆவடியில குந்திகினு ஆகாசத்துல சண்டை தேடற பாரு, அதுதான் எனக்கு வேடிக்கை. சண்டைக்கு வேண்டிய சாமான்ல பாதி இங்கதான்டா பண்றான். 1955-ல காங்கிரசு மாநாடு போட்டு, சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்ட ஊரு இது. அப்பால ஆறே வருசம், 1961-ல டாங்கி பேக்டரி வந்திச்சு. ரெண்டும் ஒரே ஊருல எப்பிடி ஒத்துப்போச்சுன்னு என்ன கேக்காத. எங்க ஆளுங்களுக்கு வேலை கெடச்சிது, நாங்க கேக்கல. 1965-ல மொத விஜயந்தா டாங்கி வெளிய வந்திச்சு. அப்பால ரஷ்யாக்காரன் டி-72, டி-90. நம்மாளுங்களே வரைஞ்ச அர்ஜுன். இஞ்சின் பண்ண தனி பேக்டரி. பட்டாளத்தான் போட்டுக்கற துணிய தைக்கறதுக்கு ஓ.சி.எஃப்.

அந்த ஓ.சி.எஃப்.ல ரொம்ப வருசம் தெச்ச ஒரு அம்மா எங்க தெருவுல இருந்தாங்க. அங்க சட்டைக்கு சைஸ் உண்டு, நம்பர் உண்டு. மாட்டிக்கப் போறவன் மூஞ்சி கிடையாது. "பித்தான மட்டும் நாலு சுத்து கூடப் போட்டுருவேன், அவன் குளுருல நிக்கறவன்"னு சொல்லும் அந்த அம்மா. சூப்பர்வைசர் நூல் வீணாவுதுன்னு திட்டுவாராம். உன் கதையில லேசர் துப்பாக்கிக்கு ஒன்றரைப் பக்கம் குடுத்த. கேப்டன் சட்டைக்கு யாரு பித்தான் தெச்சது?

பேரு வெக்கறதுல இன்னொரு கூத்து கீது. டி-90-க்கு இங்க பீஷ்மான்னு பேரு வெச்சாங்க. பாரதம் கேட்டவன் எவனாவது சண்டை வண்டிக்கு அந்தப் பேர வெப்பானா? அவரு கடைசியில எப்பிடிப் படுத்திருந்தாருன்னு பேரு வெச்ச ஆபீசருக்கு யாரும் சொல்லல போல. அது கெடக்கட்டும். டாங்கிக்குப் பேரு உண்டு, உள்ள இருக்கறவனுக்கு நம்பரு.

சரி, அந்தக் காப்பிய நீ எங்கேருந்து சுட்டன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போன மாசம் நீதானே படிச்சுக் காட்டுன, வெல்சுன்னு ஒரு வெள்ளக்காரன் 1903-ல எழுதுன சின்னக் கதை. அப்ப ஒலகத்துல டாங்கியே கிடையாது. தரையில ஊர்ற இரும்புக் கப்பல்னு அவன் கற்பனை பண்றான். பதிமூணு வருசம் கழிச்சு, 1916 செப்டம்பர்ல, பிரான்சுல சொம் ஆத்தாண்ட மெய்யாலுமே வந்து நின்னுது. கதையில ஒரு பக்கம் குதிரை ஏறத் தெரிஞ்ச, வெயில்ல காஞ்ச ஆம்பளைங்க. இன்னொரு பக்கம் பட்டணத்துப் பசங்க, குமாஸ்தா மாதிரி. கடைசியில குமாஸ்தாதான் ஜெயிச்சிட்டான். அப்பால நீலக் கலரு பைஜாமா போட்டுகினு, இரும்பு வண்டியாண்ட நின்னு காப்பி குடிக்கறாங்க, பிஸ்கோத்து கடிக்கறாங்க. நீ அத்த மட்டும் கிள்ளிகினு வந்துட்ட. அந்தக் காப்பிக்கு முன்னாடி, ஒரு பத்திரிகைக்காரன பள்ளத்துல படுக்க வெச்சு, நடந்த அத்தனையும் பாக்க வெக்கறான் வெல்சு. பாத்த கண்ணோட அந்தப் பசங்கள பாத்தாத்தான் வாசகனுக்கு வயிறு கலங்கும். பாக்காதவனுக்கு அது வெறும் டிகாக்சன்.

கிளார்க்குன்னு ஒருத்தரு எழுதுன கதை ஒண்ணும் சொன்ன. 1951-ல வந்தது. ஒரு சேனை ஒவ்வொரு தடவையும் முந்துனத விட ஒசத்தியான ஆயுதம் கண்டுபுடிக்குது. கண்டுபுடிச்சு, சரி பண்ணி, பழகி முடிக்கறதுக்குள்ள, பழைய ஓட்டை சாமான வெச்சிகினு எதிரி ஜெயிச்சிடறான். கேட்டுட்டு எங்க டீக்கடை பெஞ்சுல எல்லாரும் ஒரு தினுசா சிரிச்சாங்க. டாங்கி ரிசர்ச்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு மட்டும் சிரிக்கல. அர்ஜுனுக்கு 1974-ல அனுமதி குடுத்தாங்க, பட்டாளத்து கையில மொத அஞ்சு வண்டி 2004-ல போச்சு. "பட்டாளத்தான் வருசத்துக்கொரு தரம் இது வேணும் அது வேணும்னு மாத்திகினே இருந்தான்யா"ன்னு அவரு கத்துனாரு. அதுவும் மெய்தான். 58 டன்னா இருந்தது இப்ப 68 டன்னு. 1965-ல பஞ்சாபுல, அசல் உத்தர்னு ஒரு கிராமத்தாண்ட, பாகிஸ்தானுக்கு அமெரிக்காக்காரன் குடுத்த பேட்டன் டாங்கிங்கள நம்மாளுங்க கரும்புக் கொல்லையில தண்ணியத் தொறந்து வுட்டு சேத்துல சிக்க வெச்சாங்க. ஜீப்புல பீரங்கி கட்டிகினு போன அப்துல் ஹமீது அந்த டாங்கிங்கள அடிச்சி, அங்கியே செத்தாரு. டன் கணக்கு பேசறவன் கொல்லையில எறங்கிப் பாத்துட்டுப் பேசணும்.

இப்ப கணக்குக்கு வா. அசிமோவ் கதை, 1958. நீ படிச்சுக் காட்டுனதுல எனக்கு ராத்திரி தூக்கம் போன ஒண்ணு அதான். வெளி கிரகத்தானோட சண்டை. ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர்தான் சண்டை போடுது. மனுசனுக்குக் கூட்டல் பெருக்கலே மறந்து போச்சு. கீழ்மட்டத்துல வேலை செய்யற ஆபுன்னு ஒரு டெக்னீஷியன், காகிதத்துல பென்சில் வெச்சு பெருக்கறது எப்பிடின்னு பழையபடி கண்டுபுடிக்கறான். பெரிய ஆபீசருங்க வாயப் பொளந்து பாக்கறாங்க. அப்பால ஜெனரலுக்கு ஒரு யோசனை வருது. ராக்கெட்டுக்குள்ள கம்ப்யூட்டர வெக்கறது செலவு, கணக்குத் தெரிஞ்ச மனுசன குந்த வெச்சு அனுப்பலாமே, மலிவாச்சேன்னு. ஆபு அத்த கேட்டுட்டு தன் உசுர மாய்ச்சிக்கறான். அவன் சாவுக்கு வந்து நிக்கற இன்னொருத்தன், மனசுக்குள்ள ஒம்பதேழு அறுவத்திமூணுன்னு கம்ப்யூட்டர் இல்லாம போட்டுப் பாத்து பூரிச்சுப் போறான்.

நானும் ஆபு ஜாதிதான், எனக்கு வாய்ப்பாடு தெரியும். போட்டுப் பாத்தேன். 2021-ல 118 அர்ஜுன் டாங்கிக்கு ஆவடிக்கு ஆர்டர் வந்திச்சு, 7,523 கோடி ரூவா. வகுத்துப் பாரு, ஒண்ணு 63 கோடிக்கு மேல வருது. ஆமா, அங்கயும் அறுவத்திமூணு, நானா வெச்சது இல்ல. 2022-ல அக்னிபத்துன்னு பட்டாளத்துக்கு நாலு வருசத்துக்கு ஆளெடுக்கறாங்களே, அந்தப் பையன் செத்தா இன்சூரன்சு 48 லட்சம். ஒரு டாங்கி வெலைக்கு 132 பையனுங்க இன்சூரன்சு கட்டலாம், மிச்சமும் கீது. இன்சூரன்சு இல்லாம வேற தொகையும் உண்டு, நான் ஒத்துக்கறேன். அத்தையும் சேத்தா கணக்கு நல்லாவே மாறும். உசுரோட திரும்பி வந்தா 11.71 லட்சம் கையில. நூத்துக்கு இருவத்தஞ்சு பேரு வரைக்கும் வெச்சிக்குவாங்க, மத்தவன் இருவத்தி சொச்சம் வயசுல ரிட்டயரு. அசிமோவ் கற்பனைன்னு எழுதுனத நம்மாளுங்க அரசாங்க நோட்டீசா ஒட்டிகீறாங்க. நீ இன்னாடான்னா 2300-ல கெலிக்கறதுக்கு புதுசா குவாண்டம் பீரங்கி தேடற. மலிவான பையன் கெடைக்கற வரைக்கும் எந்த ராசாவும் பீரங்கிக்கு அவசரப்படமாட்டான்.

ஆளே வேணாம்ங்கற பக்கமும் கீது, அத்தையும் சொல்லிடறேன். அர்ஜுனுக்குள்ள நாலு பேரு. டி-90-ல மூணு பேரு, குண்டு போடற வேலைய மிஷினே செய்யுது. 2017-ல ஆவடி ரிசர்ச்சுல முந்த்ரான்னு ஒரு வண்டி காட்டுனாங்க, சங்கிலிச் சக்கரம், உள்ள ஆளே இல்ல, தூரத்துலேர்ந்து ஓட்டறது. கண்ணிவெடி தேடறதுக்கு, வேவு பாக்கறதுக்கு, விஷக்காத்து இருக்கற எடத்துக்குப் போறதுக்குன்னு மூணு தினுசு. கண்ணிவெடி தேடறதுக்கு மனுசனுக்குப் பதிலா வண்டி போனா நான் சாமிக்குத் தேங்காய் ஒடைப்பேன். ஆனா நீ எழுதும்போது ஒண்ணு கேட்டுக்கோ. வண்டியில ஆளில்ல, சரி. வண்டிக்கு எதிர்ல? பிலிப் டிக்குன்னு ஒருத்தன் 1953 கதையில, சண்டை மிஷினுங்களே பொம்மைக் கரடிய கட்டிகினு நிக்கற சின்னப் பையன் வேஷத்துல வந்து கொல்லும்னு எழுதிட்டான். எதிர்ல குழந்தை நின்னா சுடறதா வேணாமான்னு தெகைக்கற நிமிசம்தான் கதை. நீ அந்த நிமிசத்துக்குள்ள பொத்தான அமுக்கிட்ட.

கிளார்க்க பத்தி ஒரு பாக்கி கீது. அந்தாளு 1956-லேர்ந்து சாவற வரைக்கும் இலங்கையிலதான் இருந்தாரு. நிலாவுக்குப் போறது, வானத்துல ரேடியோ பெட்டி சுத்த வுடறதுன்னு ஒலகத்துக்கே சொல்லிக் குடுத்தவரு. தொண்ணூறு வயசுப் பொறந்த நாளுக்கு மூணு ஆசை சொன்னாரு. வேத்து கிரகத்துல உசுரு கீதான்னு தெரியணும், ஒலகம் பெட்ரோல வுட்டொழிக்கணும், இலங்கையில சண்டை நிக்கணும். அப்ப யாழ்ப்பாணத்துக்குப் போற பெரிய ரோடே மூடிக் கெடந்திச்சு. 2008 மார்ச்சுல அவரு போயிட்டாரு. 2009 மே மாசம் சண்டை முடிஞ்சிதுன்னு சொன்னாங்க. எப்பிடி முடிஞ்சிதுன்னு உனக்கு நான் சொல்ல வேணாம். அதுக்கு முந்தி 1987-ல நம்மூர்லேர்ந்து அமைதிப்படைன்னு பேரு வெச்சு அனுப்புனாங்க. நம்ம பக்கம் ஆயிரம் பேருக்கு மேல திரும்பல. அந்த வருசத் தீபாவளிக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டரு, நர்சு, படுத்திருந்த நோயாளின்னு செத்தவங்க தமிழாளுங்க, சுட்டது நம்ம பட்டாளம். இதுல நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல, தாண்டிப் போறேன். புழலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒரு தரம் பஸ் ஏறிப் போய், இலங்கையிலேர்ந்து தப்பி வந்தவங்க முகாமப் பாரு. முகாம்லயே பொறந்து, முகாம்லயே கல்யாணம் பண்ணி, முகாம்லயே புள்ள பெத்தவங்க கீறாங்க. 2021-ல அகதி முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க. வேத்து கிரகத்து ஆளு கதை எழுதறியே, பொறந்த மண்ணுலயே வேத்து நாட்டு ஆளுன்னு பேப்பர் வெச்சிருக்கறவன் அங்க உனக்குக் கெடைப்பான்.

மொதல்ல பேரு கேட்டேன்ல, ஏன்னு சொல்றேன். மொத ஒலகச் சண்டை முடிஞ்சதும் வெள்ளக்காரன் பல கிராமத்துல ஒரு கல்லு பதிச்சான். இந்த ஊர்லேர்ந்து இத்தினி பேரு போனாங்க, அதுல இத்தினி பேரு உசுர வுட்டாங்கன்னு. அம்மாந்தான். எண்ணிக்கை மட்டும், பேரு கிடையாது. அதுக்குக் கிட்டத்தட்ட ஆயிரத்து முந்நூறு வருசம் முந்தி, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துல, திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல். மாடு திருட வந்தவனோட சண்டை போட்டு செத்தவன் பேரு அதுல கீது. கூட நின்னு திருடனக் கடிச்ச நாய் பேரும் கீது, கோவிவன்னு. நாய் உருவத்தையும் செதுக்கி வெச்சிகீறான். படிப்பு, மிஷினு, கணக்கு எல்லாம் வந்ததுக்கப்பால மனுசன் நம்பராப் போனான், அதெல்லாம் வராதப்ப நாய்க்குப் பேரு இருந்திச்சு. உன் 2300 எந்தப் பக்கம்னு நீயே பாத்துக்கோ.

சண்டைக் கதை எழுதணும்னா எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு சொல்றேன், வேணும்னா எடுத்துக்கோ. அருண் கேத்தர்பால்னு ஒரு பையன், 21 வயசு. 1971 டிசம்பர் 16, பசந்தர் ஆத்தாண்ட டாங்கிச் சண்டை. வண்டி தீப்புடிச்சிடிச்சு, எறங்கி வான்னு மேலாபீசர் சொல்றாரு. பையன் வரமாட்டேன்னுட்டான். அங்கியே முடிஞ்சிது. பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. கதை அது இல்ல. முப்பது வருசம் கழிச்சு, 2001-ல, அவங்க அப்பா, 81 வயசு, அவரும் பட்டாளத்துல பிரிகேடியரா இருந்தவரு, தான் பொறந்த ஊர பாக்கணும்னு பாகிஸ்தான் போறாரு. லாகூர்ல ஒரு பிரிகேடியரு வூட்டுல தங்கறாரு. நல்ல மரியாதை, நல்ல சாப்பாடு. கெளம்பப் போறப்ப வூட்டுக்காரரு சொல்றாரு, அன்னிக்கு உங்க மவன் டாங்கிய அடிச்சது நான்தான்னு. முப்பது வருசம் அந்தாளு அத்த வெச்சிகினு இருந்திருக்காரு பாரு. உபசாரம் பண்ணுன அத்தனை நாளும் தொண்டையில வெச்சிகினு இருந்திருக்காரு. லேசரே இல்லாம இத்த எழுத முடியும். உன்னால முடியுமான்னு எனக்குச் சந்தேகம், ரோசம் வந்தா எழுதிக் காட்டு.

எதிராளிக்கு யாருடா அழறதுன்னு கேப்ப. நம்ம பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவுல பாரதக் கூத்து வுட்டா கடைசி நாள் படுகளம். தரையில மண்ண கொழச்சி துரியோதனன ஆளு ஒசரத்துக்குப் பத்து மடங்கு படுக்க வெச்சிருப்பாங்க. ஊரே அவன் சாவணும்னு அத்தினி ராத்திரி முழிச்சிகினு இருந்திருக்கும். பீமன் தொடையில அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவா, பொம்பளைங்க குலவை போடுவாங்க. அப்பால பொம்பள வேஷக்காரன் ஒருத்தன் வந்து அந்த மண்ணு மேல வுழுந்து பொரண்டு ஒப்பாரி வெப்பான் பாரு, குலவை போட்ட அதே பொம்பளைங்க முந்தானையால மூக்கத் தொடைப்பாங்க. கெட்டவனா இருந்தா இன்னா, அவனையும் ஒருத்தி பெத்தாளே. அரவான எடுத்துக்கோ, சண்டைக்கு முந்தியே களபலி குடுத்துட்டாங்க, வெட்டுன தலைய வெச்சிகினு பதினெட்டு நாளும் பாத்தான். உன் கதையில ஒப்பாரி எங்க? எதிரிக் கப்பல்ல நாப்பதாயிரம் பேரு செத்தான், ஆயாவே இல்லாம பொறந்தானா எல்லாரும்?

இப்ப நீ செய்ய வேண்டிய வேலை ஒண்ணு கீது. அம்பத்தூர் எஸ்டேட்ல உன் கம்பெனி கேட்டாண்ட ஒரு செக்யூரிட்டி நிக்கறாரு, மீசை முறுக்கிகினு, பெல்ட்டு பளபளன்னு. நீ கேப்டன் கதை யோசிச்சிகினு, காதுல எதையோ மாட்டிகினு பைக்க வுட்டுகினு போற, அவரு உனக்கு தெனம் சல்யூட் அடிக்கறாரு. பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்த மனுசன். அவரு லீவுல வர்றப்ப நம்ம ஊரு ஆளுங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "இன்னா மாமா, கேன்டீன் சரக்கு கொண்டாந்தியா?" மெய்யச் சொல்லணும்னா நானும் அந்த வரிசையில நின்னிருக்கேன். இப்ப வருசா வருசம் நவம்பர் மாசம், உசுரோட கீறேன்னு போய் ரேகை வெச்சிட்டு வர்றாரு, அப்பதான் பென்சன். அங்க எதிரிக்கு சாவலன்னு நிரூபிச்சவரு, இங்க ஆபீசுக்கு நிரூபிக்கணும்.

ஞாயித்துக்கிழமை அவரு டூட்டி முடிஞ்சு வர்றப்ப டீ வாங்கிக் குடு, ரெண்டு வடையும். காசு உன்னுது. எந்த முட்டி வலிக்குதுன்னு கேளு. பனி மலையில சோறு எப்பிடி வெந்துதுன்னு கேளு. ஊருல அம்மா செத்த சேதி எத்தினி நாள் கழிச்சு வந்துதுன்னு கேளு. ரிட்டயர் ஆயும் இன்னும் ஏன் நாலரைக்கே முழிக்கறீங்கன்னு கேளு. பக்கத்துல படுத்திருந்தவன் பேரு இன்னான்னு கேளு, அவரு பேரு, ஊரு, அவன் பாடுன பாட்டு வரைக்கும் சொல்லுவாரு, எழுதிக்கோ. "எத்தினி பேர சுட்டீங்க"ன்னு மட்டும் ஆரம்பிக்காத. ஆரம்பிச்சா அவரு சிரிச்சிகினே விசிட்டர் நோட்ட எடுத்து நீட்டி, பேரு, போன் நம்பரு, யாரப் பாக்க வந்தன்னு எழுதுன்னு சொல்லிடுவாரு.